தாந்தே செய்தது துரோகமா?

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. தன் உயிர் நண்பனும் கவிஞனுமான குய்தோ கவல்கந்தியையே இத்தாலியக் கவிஞர் தாந்தே ஊரைவிட்டு அனுப்பினாரே, அதை எப்படி மன்னிப்பது என்று கேட்டிருக்கிறாய். 1300-ஆம் ஆண்டுக் கோடையில் ஃப்ளோரன்ஸில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் எனக்கு அவர்மேல் கோபம் வருவதில்லை, வேதனைதான் வருகிறது.

அப்போது ஊரை ஆண்டவர்கள் பிரியோர்கள் எனப்பட்ட ஆறு ஆட்சியாளர்கள். யாரும் பதவியில் வேரூன்றிவிடக் கூடாது என்று இரண்டே மாதம்தான் தவணை. கில்டு எனப்பட்ட தொழிற்சங்கம் ஒன்றில் பெயர் இருந்தால்தான் பதவி. தாந்தே மருத்துவர், மருந்து வணிகர் கில்டில் சேர்ந்ததும் அதற்காகத்தான். அவருடைய தவணை ஜூன் 15 அன்று தொடங்கியது.

ஊர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. மே 1 அன்று சாந்தா திரினிதா சதுக்கத்தில் நடந்த கைகலப்பில் செர்க்கி வீட்டு இளைஞன் ஒருவனின் மூக்கை அறுத்துவிட்டார்கள். ஊரின் இரு பெரிய குடும்பங்களில் செர்க்கி பக்கம் வெள்ளைக் கட்சி, தொனாத்தி பக்கம் கறுப்புக் கட்சி. ஜூன் 23, யோவான் திருநாளுக்கு முந்தைய நாள், காணிக்கையோடு ஊர்வலம் போன கில்டுத் தலைவர்களைப் பிரபுக்கள் அடித்தார்கள். ஃப்ளோரன்ஸுக்காகக் கம்பல்தீனோ போரை வென்று தந்த எங்களுக்குப் பதவி இல்லையா என்பது அவர்கள் ஆத்திரம்.

பிரியோர்கள் இரு கட்சித் தலைவர்களையும் வெளியேற்றினார்கள். கறுப்புக் கட்சியினர் காஸ்தெல் தெல்லா பியேவேவுக்கு, வெள்ளைக் கட்சியினர் சார்சானாவுக்கு. கறுப்புக் கட்சித் தலைவர் கோர்சோ தொனாத்தியை நடுத்தெருவில் ஈட்டி எறிந்து தாக்கியவர், வெள்ளைக் கட்சியைச் சேர்ந்த குய்தோ. அவரை விட்டுவிட்டு மற்றவர்களை அனுப்பியிருந்தால் ஆணையை யார் மதித்திருப்பார்கள்? தாந்தேயின் மனைவி ஜெம்மாவும் தொனாத்தி குலத்துப் பெண்தான். அந்த ஆணை நட்பையும் வெட்டியது, சம்பந்தி வீட்டையும் வெட்டியது.

காரியம் கெட்டது அதற்குப் பிறகு. சார்சானாவின் காற்று ஆகாமல் குய்தோ நோயில் விழுந்தார். அதைக் காரணம் காட்டி வெள்ளைக் கட்சியினரை மட்டும் முதலில் திருப்பி அழைத்தார்கள். ஊர் திரும்பிய குய்தோவை ஆகஸ்ட் 29 அன்று அடக்கம் செய்தார்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் சலுகையா என்று கறுப்புக் கட்சி கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த அழைப்பு வந்தபோது நான் பதவியில் இல்லை என்று தாந்தே பின்னால் வாதாட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 15-இல் அவர் தவணை முடிந்துவிட்டது உண்மைதான். ஆனால் பழி தவணை பார்த்து வருவதில்லையே.

1301 நவம்பரில் போப்பின் சமாதானத் தூதராகப் பிரெஞ்சு மன்னரின் தம்பி வலுவா சார்ல்ஸ் ஊருக்குள் நுழைந்தார். அவர் நிழலில் கோர்சோ திரும்பினார். வெள்ளைக் கட்சியினரின் வீடுகள் சூறையாடப்பட்டன. 1302 ஜனவரி 27 அன்று வெள்ளைக் கட்சிப் பக்கம் இருந்த தாந்தேக்கு அபராதமும் நாடுகடத்தலும். மார்ச் 10 அன்று, பிடிபட்டால் தீயிலிட்டுக் கொல்ல வேண்டும் என்று 15 பேருக்குத் தீர்ப்பு. அதில் அவரும் ஒருவர்.

தாந்தேயின் 'தெய்வீக நாடகம்' காவியத்தில், அவர் மறுவுலகில் பயணம் போகும் நரகப் படலத்தின் பத்தாம் காண்டத்தை மறுபடி படித்துப் பார். குய்தோவின் தந்தை கல்லறையிலிருந்து எழுந்து, என் மகன் ஏன் உன்னோடு வரவில்லை என்று கேட்கிறார். அந்தப் பயணம் நடப்பதாகத் தாந்தே வைத்திருக்கும் காலம் 1300-இன் வசந்தம், அதாவது ஆணைக்கு முன்பு. அதில் குய்தோ இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். படித்த பிறகும் துரோகம் என்றே தோன்றினால் எழுது.

அன்புடன்,
ரகு