மலருக்கு: வேன் பேசியாச்சு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு

அன்புள்ள மலர்,

இங்கே எல்லோரும் சுகம். மாமியாருக்கு இருமல் விட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்: வேன் பேசிவிட்டேன்.

திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா என்று ராட்டினப் பூங்கா திறந்தார்களே, அங்கேதான். பன்னிரண்டு பேர். எந்த ராட்டினம் எத்தனை மணிக்கு என்று கோமதி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை அட்டவணை தோற்றது போ. வெயில் ஏறுமுன் நாலு ராட்டினம், சாப்பாடு, அப்புறம் அலைக்குளத்தில் ஊறிவிட்டுக் கிளம்புவது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். ரெஜினாவுக்கு உட்கார ஒரு பெஞ்சு போதுமாம். பை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

பள்ளிக்கூடம் திறந்தபின் ஜூலையில், கூட்டம் குறைந்த வார நாளாகப் போகலாம். ஆடிச் செவ்வாய் என்றால் கோமதி கோயிலுக்கு ஓடுவாள், அதனால் புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாமே. ஐந்து மணிக்கு இங்கே கிளம்புகிறோம், ஆறுக்கு நீ புதுச்சேரி ராஜீவ் காந்தி சிலையருகில் நிற்க வேண்டும். நிற்கமாட்டாய், தெரியும். மரக்காணம் உப்பளம் தாண்டி ஓரங்கட்டி இட்லியும் பொடியும். வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள்.

துணிதான் பெரிய கூத்து. தண்ணீரில் நைலான் உடையோடுதான் இறங்கலாம், சேலை செல்லாது. "இழுத்துச் செருகிக்கொண்டால் யாருக்குத் தெரியும்?" என்கிறாள் கோமதி. அவளை நீதான் சமாளிக்க வேண்டும்.

தேன்மொழி வரவில்லையாம். முட்டி வலியாம். போன பிரதோஷத்துக்குப் பாடலீஸ்வரர் கோயிலில் என்னோடுதான் சுற்றினாள், எனக்குத்தான் மூச்சு வாங்கியது. முட்டி இல்லை மலர், பணம். மகனுக்கு வேலை போனபிறகு தையல் காசில்தான் வீடு ஓடுகிறது. கழுத்தில் சங்கிலி இல்லை, வெறும் மஞ்சள் கயிறு. நான் பார்ப்பதைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டாள். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

அவளுக்கு நாம் கட்டுகிறோம் என்று வாய் திறந்தால் என்ன ஆகும், தஞ்சாவூர் டூர் ஞாபகம் இருக்கிறதல்லவா? திறந்தபோது டிக்கெட் 1,489 ரூபாய். வேன், சாப்பாடு சேர்த்துத் தலைக்கு 2,500 என்று வைத்து, மாதம் 500 சீட்டுபோலக் கட்டுவோம் என்றேன். "பார்க்கலாம்" என்றாள். அவள் பார்க்கலாம் என்றால் முடிந்தது.

நேற்று ராத்திரி ஒன்று தோன்றியது. எல்லோருக்கும் நைலான் சட்டை, பேண்ட் அவளிடமே தைக்கக் கொடுத்தால் என்ன? கூலியைக் கறாராகக் கொடுப்போம், குறைக்காமல். அவள் பங்கு அதிலேயே வந்துவிடும். நான் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள், நீ கேள். உனக்கு நடிக்க வரும், ஹாஸ்டல் வார்டனைக் கேட்டால் சொல்வார்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணி மலிவாகக் கிடைத்தால் பார். எனக்குக் கருநீலம், பூ வேண்டாம். உன் இடுப்பளவை நிஜமாகவே எழுதி அனுப்பு. கல்யாண ரவிக்கை அளவு வேண்டாம்.

உன்,
வசந்தி