கறுப்பு எஞ்சினைப் பார்த்து வந்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. உன் அப்பா எழுந்து திண்ணை வரை நடக்கிறார் என்று படித்த பிறகுதான் மனசு நிம்மதியானது. அவருக்கென்று ஒரு சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்ததில் பதில் தாமதமாகிவிட்டது. இதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டு.

இங்கிலாந்தில் நார்ஃபோக் கடலோரம் ஷெரிங்கம் என்ற ஊருக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பழைய ரயில் பாதையை ஆர்வலர்கள் காப்பாற்றி ஓட்டுகிறார்கள். ஸ்டேஷனில் கொதித்துக்கொண்டு நின்றது 92203 என்ற எண்ணுள்ள நீராவி எஞ்சின். 9எஃப் வகை, கூட்ஸ் இழுக்கவென்றே செய்தது, அந்த வகையில் 1954 முதல் 1960 வரை மொத்தம் 251 எஞ்சின்கள். பத்து இயக்கு சக்கரங்கள். குனிந்து பார்த்தேன், நடு ஜோடிக்கு மட்டும் தண்டவாளத்தை ஒட்டி இறங்கும் விளிம்பே இல்லை, வழவழவென்று இருக்கிறது. அத்தனை நீளமான எஞ்சின் வளைவில் திரும்ப வேண்டுமே, அதற்காகத்தான். அப்பாவுக்கு இது சொன்னதும் புரியும்.

1959இல் ஸ்விண்டன் ரயில் பட்டறையில் பிறந்தது இது. வேலை என்னவென்றால், பிர்க்கன்ஹெட் துறைமுகத்தில் இறங்கும் இரும்புத் தாதுவை ஷாட்டன் உருக்காலைக்கு இழுத்துப் போவது. நாற்பது வருடமாவது உழைக்க வேண்டிய எஞ்சின்கள், ஆனால் டீசல் வந்துவிட்டதால் பல 9எஃப்கள் பத்து வயதுகூட நிரம்பாமல் உடைபட்டன. எனக்கு இதுதான் ஆறவே இல்லை. 1967 நவம்பரில் அந்தப் பாதையின் கடைசி நீராவித் தாது வண்டியையும் இதே 92203தான் இழுத்தது. அதோடு கதை முடிந்திருக்கும், டேவிட் ஷெப்பர்ட் என்ற ஓவியர் அதை விலைக்கு வாங்காமல் இருந்திருந்தால். யானைகளை வரைந்து பேர் வாங்கியவர் அவர். கறுப்பு இளவரசன் என்று பொருள்படும்படி ‘பிளாக் பிரின்ஸ்’ என்று பெயரும் வைத்தார்.

இதே வகையில் கடைசியாக வந்தது ‘ஈவினிங் ஸ்டார்’, பிரிட்டிஷ் ரயில்வே தனக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சினும் அதுதான். பச்சை வண்ணம், செம்பு விளிம்பு வைத்த புகைபோக்கி, 1960இல் விழா எடுத்துப் பெயர் சூட்டினார்கள், ஐந்தே வருடத்தில் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது யார்க் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பேரில்லாமல் தாது இழுத்துக் கிடந்த கறுப்பு எஞ்சின் அப்புறமும் உழைத்தது பார், என் மனசு அதன் பக்கம்தான். 1982இல் சாமர்செட்டில் ஒரு கல் குவாரியில் 2178 டன் வண்டியை அது நகர்த்திக் காட்டியது, பிரிட்டனில் நீராவி எஞ்சின் இழுத்ததிலேயே அதுதான் அதிக பாரம். பழைய எஞ்சினைப் பாதுகாப்பது என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பேன். துடைத்து வைத்தால் மட்டும் போதாது, பாய்லரில் அழுத்தம் ஏற வேண்டும், யாராவது எண்ணெய் விட்டு இறுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலை தெரிந்த கைகளும் போய்விடும்.

ஷெப்பர்ட் 2015இல் பிளாக் பிரின்ஸை இந்த ஷெரிங்கம் ரயில்வேக்கே விற்றார், 2017இல் காலமானார்.

ஃபயர்மேன் பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். உன் அப்பா ஜோலார்பேட்டை ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்தவர் என்று சொன்னதும் என்னை மேலே ஏற்றிவிட்டு கரி அள்ளும் ஷவலைக் கையில் கொடுத்தான். கரி நிறைந்த ஷவலைத் தூக்கி, குறுகலான வாய் வழியே, தீயின் பின் மூலையில் விழும்படி வீச வேண்டும். நான் போட்டது கதவில் இடித்துப் பாதி காலடியில் கொட்டியது. முகம் வெந்துபோனது போல் இருந்தது, முதுகில் கடல் குளிர். இதை ராத்திரி முழுக்க, ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு அப்பா செய்தார், காலையில் நம்மைப் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிப்போனார்.

அவர் வலது முழங்கைக்குக் கீழே ஒரு தீக்காய வடு இருக்குமே, சின்ன வயதில் கேட்கப் பயமாக இருந்தது. எந்த ராத்திரி, எந்தப் பாதையில் பட்டது என்று கேட்டு எழுது. அவர் சொல்கிறபடியே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்