நாசில் அசையாமல் திரும்பும் ராக்கெட்

ஆசிரியருக்கு,

பி.எஸ்.எல்.வி. ஏவப்படும்போதெல்லாம் எத்தனை செயற்கைக்கோள், எத்தனை கிலோ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அதன் முதல் கட்டம் எப்படித் திசை திரும்புகிறது என்று ஒரு பெட்டிச் செய்தி போடலாமே!

சுமார் 139 டன் திட எரிபொருள் கொண்ட அந்தக் கட்ட மோட்டாரின் நாசில், அதாவது எரிந்த வாயு வெளியேறும் குழல்முனை, அசையாதது. திருப்ப வேண்டுமானால், பக்கத்துத் தொட்டிகளில் உள்ள ஸ்ட்ரான்சியம் பெர்குளோரேட் கரைசலை நாசிலின் விரிந்த பகுதிக்குள் ஒரு பக்கமாகப் பீய்ச்சுகிறார்கள். ஒலியைவிட வேகமாகப் பாயும் வாயு அதில் மோதி அதிர்ச்சி அலை எழுகிறது. அந்தப் பக்கச் சுவரில் அழுத்தம் கூடி, ராக்கெட் திரும்புகிறது. பீய்ச்சும் இடம்தான் சூட்சுமம். நாசில் மிகக் குறுகும் தொண்டைப் பகுதிக்கு ரொம்ப அருகில் பீய்ச்சினால் அலை எதிர்ச்சுவரில் மோதி, கிடைத்த பக்க விசையையே குறைத்துவிடும்.

சரி, கரைசலையும் தொட்டிகளையும் சுமக்க வேண்டிய குறை இருக்கிறது. எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் எஸ்200 என்ற திட எரிபொருள் மோட்டார்களில் நாசிலையே அசைக்கிறார்கள். ஆனாலும் பீய்ச்சித் திருப்பும் முறை பற்றிய ஆய்வு பழசாகிவிடவில்லை. சிறிய நாசிலும் அழுத்தக் காற்றும் இருந்தால் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்கலாம். நம் கல்லூரிகளில் யார் இதைச் செய்கிறார்கள் என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும்.

– வாசகர், வள்ளியூர்