பரங்கிக்காய் வாங்கப் பணம் வேண்டும்: நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும் நிபுணர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பூச்சிகளின் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களை 22 வருடமாக ஆராய்ந்துவருகிறேன். போன மாதம் என் விண்ணப்பம் உங்களிடமிருந்து திரும்பி வந்தது. காரணம் ஒரே வரிதான்: மூன்றாண்டு முடிவில் விவசாயிக்குக் கிடைக்கும் பயன் தெளிவாகச் சொல்லப்படவில்லை. சொல்லவில்லைதான். எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது?

நான் பார்ப்பது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொய்யாக் கிளையில் பஞ்சு மாதிரி அப்பியிருக்கும் மாவுப்பூச்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த பெண் பூச்சியை ஒரு சொட்டு உப்புக் கரைசலில் போட்டு, நுண்ணோக்கிக்குக் கீழே இரண்டு ஊசியால் மெல்லப் பிரித்தால், கொழுப்புக்கு நடுவிலிருந்து மஞ்சளாக ஒரு உருண்டை நழுவி வரும். பாக்டீரியாக்களின் வீடு அது. மாவுப்பூச்சி உறிஞ்சும் செடிச் சாற்றில் சர்க்கரை ஏராளம். அத்தியாவசிய அமினோ அமிலங்கள்தான் போதாது. அந்தக் குறையைத் தீர்ப்பவர்கள் இந்த வீட்டுக்காரர்கள்.

எலுமிச்சை மாவுப்பூச்சியில் கதை இன்னும் விசித்திரம். அங்கே டிரெம்ப்ளயா என்ற பாக்டீரியத்துக்குள்ளேயே மொரனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியம் வாழ்கிறது. டிரெம்ப்ளயாவிடம் மிஞ்சியிருப்பவை புரதம் செய்யும் சுமார் 120 மரபணுக்கள். ஒரு அமினோ அமிலத்தைச் சமைக்க அது கொஞ்சம், உள்ளே இருப்பது கொஞ்சம், பூச்சி கொஞ்சம் என்று மூவரும் கைகொடுக்கிறார்கள்.

மொரனெல்லா என்பது நான்சி மொரன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் பெயரிலிருந்து வந்தது. அவர் செடிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியில் தொடங்கியவர். அசுவினிகளின் வம்சாவளியையும் அவற்றுக்குள் இருக்கும் புக்னெரா பாக்டீரியத்தின் வம்சாவளியையும் அவரும் சகாக்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிளைக்குக் கிளை பொருந்தியது. 10 கோடி வருடத்துக்கும் மேலாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருக்கும் சீதனம். அப்புறம் அவர் தேனீயின் குடலுக்குப் போனார். இதில் எதை மூன்றாண்டுக் கட்டத்தில் அடைப்பீர்கள்?

சரி, பயனைக் கேட்டீர்கள். கொசுவைச் சொல்கிறேன். 1924இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் க்யூலெக்ஸ் கொசுவுக்குள் ஒரு பாக்டீரியத்தைக் கண்டார்கள். பிற்பாடு வோல்பாக்கியா என்று பெயர் பெற்றது அதுதான். சில ஜோடிகளின் முட்டைகள் பொரிக்காமல் போவதற்கு அதுவே காரணம் என்று யென், பார் இருவரும் காட்டியது 1971இல். இதை டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்திக்குள் ஏற்ற ஆஸ்திரேலியாவின் ஸ்காட் ஓநீல் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினார். ஆயிரக்கணக்கான முட்டைகளில் ஒவ்வொன்றாக ஊசி குத்த வேண்டிய வேலை அது. 2009இல் வெற்றி என்று அறிவித்தபோது கணக்கு இப்படி: கொசுவின் ஆயுள் பாதியாகும், வைரஸ் உள்ளே முற்றி எச்சிலுக்கு வருவதற்குள் கொசு செத்துப்போகும். ஆயுள் பாதியானது. ஆனால் வோல்பாக்கியாவின் அந்த வகை, கொசுக்களை வெளியில் விட்ட இடங்களில் நிலைக்கவில்லை.

கைகொடுத்தது வேறொன்று. வோல்பாக்கியா இருக்கும் பழ ஈக்கள் சில வைரஸ்களைத் தாக்குப்பிடிக்கின்றன என்று 2008இல் தெரியவந்திருந்தது. கொசுவிலும் டெங்கு வைரஸ் அப்படியே திணறியது. ஆயுளை அவ்வளவாகக் குறைக்காத இன்னொரு வகையை ஏற்றி, 2011இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகரப் பக்கம் கொசுக்களை விட்டார்கள், நிலைத்தது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021இல் முடிவு வெளியானது. நம் புதுச்சேரியிலும் வோல்பாக்கியா தாங்கிய ஏடிஸ் கொசுக்களை வளர்த்து ஆய்ந்திருக்கிறார்கள். உங்கள் படிவத்தில் ஓநீல் “எதிர்பார்க்கும் பயன்: ஆயுள் குறைப்பு” என்று எழுதியிருப்பார். மூன்றாம் வருடம் நீங்கள் சிவப்பு மையில் சுழித்திருப்பீர்கள்.

இப்போது பரங்கிக்காய். ஆய்வுக்கூடத்தில் மாவுப்பூச்சியைப் பரங்கிக்காயில்தான் வளர்க்கிறோம். பள்ளம் பள்ளமாக வரி விழுந்த காயாக, காம்போடு பார்த்து வாங்க வேண்டும். தோலில் கீறல் இருந்தால் மெழுகு வைத்து அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் அழுகி எறும்பு சேர்ந்துவிடும். “மேடம், வாரா வாரம் பரங்கிக்காய் எதுக்கு, கேண்டீனுக்கா?” என்று கேட்ட தணிக்கையாளர் நல்ல மனிதர். விளக்கியதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவர் புரிந்துகொண்டது உங்கள் விதிகளுக்குப் புரியவில்லை. ஒரு திட்டம் மார்ச்சில் முடியும். அடுத்ததற்குப் பணம் வர நவம்பர் ஆகும். நடுவில் காய் வாங்கச் செலவுத் தலைப்பு கிடையாது, உதவியாளருக்குச் சம்பளம் கிடையாது. ஒருமுறை அந்த இடைவெளியில் ஆறு வருடம் வளர்த்த கூட்டம் முழுக்க அழிந்துபோனது. தோட்டத்தில் புதிதாகப் பிடித்து வரலாம்தான். ஆனால் அது வேறு வம்சம். ஆறு வருடக் குறிப்பேடு அதற்குப் பொருந்தாது.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. இரண்டு திட்டங்களுக்கு நடுவே பூச்சிக் கூட்டத்தை உயிரோடு வைக்க ஒரு சின்ன ஒதுக்கீடு. அப்புறம், பயன் என்ற கட்டத்தில் “இன்னும் தெரியாது, இதைத் தேடுகிறேன்” என்று ஒருவர் எழுதினால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் மறுபடி அனுப்பும் விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

இப்போதைக்கு எட்டுக் காயில் பூச்சி இருக்கிறது. காசு என்னுடையது. ரசீதுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பூச்சியியல் ஆய்வாளர்