ஸ்பேனர் நுழைய இடம் இருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நடுப்பக்கம் ரெண்டும் சேத்து நாளைக்கு வரப்போற வீடு, வீட்டு சாமான்னு கலர் கலரா போட்டிருந்தீங்களே, அதைப் பத்திதான் எழுதறேன். சுவத்துக்குள்ள மடிஞ்சு காணாமப் போற கிச்சன், படிக்கட்டுக்கு அடியில இழுப்பறை, சிமெண்ட் குழாய்க்குள்ள ஒரு வீடு. என் பொண்ணு உடனே போட்டோ புடிச்சு ஃபேமிலி குரூப்ல போட்டுட்டா. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு படத்துலயும் கொடியில ஈரத்துணி இல்ல, சிலிண்டர் இல்ல, வாசல்ல செருப்பு கூட இல்ல, யாரும் இன்னும் குடி வராத வீடா பாத்து எடுத்திருக்காங்க.

எங்களுது 480 சதுரஅடி. மாமியார் எங்களோட வந்து இருக்க ஆரம்பிச்சப்போ இடம் பத்தலன்னு சுவத்தோட மடியுற கட்டில் ஒண்ணு வாங்கினோம், காலைல தூக்கி விட்டா அலமாரி மாதிரி நிக்கும், ராத்திரி இழுத்தா கட்டில். முதல் ஆறு மாசம் வீட்டுக்கு வர்றவங்களுக்கு எல்லாம் டெமோ காட்டறதுதான் எங்க வீட்டுக்காரருக்கு வேலை. அப்புறம் ஒரு நாள் இடது பக்கம் தாங்கற கேஸ் ஷாக் (கார் டிக்கி கதவை தூக்கி நிறுத்துமே, அதே ஐட்டம்தான்) இறங்கிடுச்சு, கட்டிலை இழுத்தா ஒரு பக்கமா கோணிக்கிட்டு டமால்னு விழும், பக்கத்து வீட்டுக்காரங்க பெல் அடிச்சு என்னாச்சுன்னு கேட்டாங்க. வாங்குன இடத்துல கேட்டா அந்த மாடலே இப்ப வர்றதில்ல மேடம்னு சொல்லிட்டாங்க. சரின்னு எங்க தெரு ஆசாரியைக் கூப்பிட்டேன். அவரு டார்ச் அடிச்சு உள்ள பாத்துட்டு, "அக்கா, தரையில போட்டு மாட்டிட்டு அப்படியே தூக்கி சுவத்தோட அறைஞ்சிட்டானுங்க, ஸ்பேனர் நுழைய இடமே இல்ல, மொத்தத்தையும் பேத்தாத்தான் உண்டு"ன்னாரு. பேக்கறதுக்கு ஆகுற காசுக்கு ரெண்டு மரக்கட்டிலே வாங்கிடலாம். இப்ப அது ஒன்றரை வருஷமா இறக்கின மேனிக்கே கிடக்கு.

இதை ஏன் சொல்றேன்னா, உங்க பக்கத்துல ஒரு ஓரமா டோக்கியோ நாககின் கேப்ஸ்யூல் டவர் படமும் போட்டு, புரட்சிகரமான வடிவமைப்புன்னு ஒரு வரியோட முடிச்சிட்டீங்க. கிஷோ குரோகாவாங்கறவரு வரைஞ்சு 1972ல கட்டினது. நடுவுல ரெண்டு கான்கிரீட் தூண் மாதிரி, அதுல லிஃப்ட்டும் படியும், அதைச் சுத்தி 140 பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் கிட்டத்தட்ட 100 சதுரஅடி, வாஷிங் மெஷின் கதவு மாதிரி ஒரு வட்ட ஜன்னல், உள்ளயே கட்டில், பாத்ரூம், சுவத்துல பதிச்ச டிவி. ஒரு பெட்டிக்கு நாலு போல்ட்டுதான். பழசானா போல்ட்டைக் கழட்டி பெட்டியை இறக்கிட்டு புதுசை மாட்டிக்கலாம், 25 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும், கட்டடம் மரம் மாதிரி இலை உதிர்த்து துளிர்த்துக்கிட்டே இருக்கும்ங்கறதுதான் ஐடியா. கேக்கவே நல்லாருக்குல்ல? ஆனா கடைசி வரைக்கும் ஒரு பெட்டியைக் கூட மாத்தல. நடுவுல ஒண்ணை உருவணும்னா அதுக்கு மேல உக்காந்திருக்கற பெட்டியை எல்லாம் முதல்ல இறக்கணும், பெட்டிக்கு ஒரு ஓனர் வேற, இத்தனை பேரையும் யாரு ஒத்துக்க வைக்கறது. எங்க அபார்ட்மெண்ட்ல 12 வீடு, மோட்டார் மாத்தவே ஏழு மீட்டிங் ஆச்சு. அங்க பைப்பு துருப்பிடிச்சு ஒழுகி, 2010ல சுடுதண்ணி நின்னு போச்சு, 2022ல இடிச்சே போட்டுட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, இடிக்கறப்போதான் பெட்டியை எல்லாம் ஒண்ணொண்ணா கழட்டினாங்க, அதுல 23ஐ காப்பாத்தி சரிபண்ணி சிலதை மியூசியத்துக்கும் அனுப்பியிருக்காங்க. இவ்வளவு கதை இருக்கு, நீங்க கட்டடம் இப்ப இல்லங்கறதையே சொல்லல. படிச்சிட்டு என் பொண்ணு ஜப்பான் போனா பாக்கலாம்மாங்கறா.

நம்ம நாமக்கல் பையன் அருண் பிரபு 2019ல ஆட்டோ மேல ஒரு வீடு கட்டினாரே, அது ஞாபகம் இருக்கா, 2021ல ஆனந்த் மஹிந்திரா கூட ட்வீட் போட்டாரு. 36 சதுரஅடிக்குள்ள சமையல், படுக்கை, டாய்லெட், மேல சோலார் பேனல், 250 லிட்டர் தண்ணி டேங்க், செலவு சுமார் ஒரு லட்சம். மே மாச வெயில்ல அதுக்குள்ள மனுஷன் படுக்க முடியுமாங்கறது எனக்கு சந்தேகம்தான். ஆனா வீட்டை போல்ட் போட்டுத்தான் மாட்டியிருக்காரு, வேணாம்னா கழட்டி எடுத்துடலாம், ரிப்பேர்னா எந்த ஊர் ஆட்டோ மெக்கானிக்கும் கை வைக்கலாம். அங்கயும் போல்ட்டுதான் இங்கயும் போல்ட்டுதான், கைக்கு எட்டுதா இல்லையாங்கறதுதான் விஷயம்.

இன்னொண்ணு, பத்திரிகைக்காரங்க நீங்க ரசிப்பீங்கன்னு சொல்றேன். குஜராத் வாங்கானேர்ல மன்சுக்பாய் பிரஜாபதின்னு மண்பாண்டம் செய்யறவரு, கரண்டே இல்லாம ஓடற மண் ஃபிரிட்ஜ் பண்ணாருல்ல, மிட்டிகூல். 2001 பூகம்பத்துல பானை எல்லாம் உடைஞ்சு கிடந்த போட்டோவை ஒரு பேப்பர்ல போட்டு, ஏழைங்களோட ஃபிரிட்ஜ் உடைஞ்சு போச்சுங்கற மாதிரி கேப்ஷன் எழுதியிருந்தாங்களாம், அதைப் பாத்துதான் அவருக்கு பொறி தட்டுச்சாம். மேல தண்ணி ஊத்தணும், அது மண்ணுல ஊறி இறங்கி ஆவியாகறப்போ உள்ள இருக்கற காய்கறி குளிர்ந்துக்கும், அவ்வளவுதான். காத்து வறண்டு இருக்கற ஊர்ல இது பிரமாதமா வேலை செய்யும். சென்னை புழுக்கத்துல ஈரம் ஆவியாகவே யோசிக்கும், அந்தளவுக்கு இங்க குளிராது. இந்த மாதிரி ரெண்டு வரி நீங்க எழுதினா வாங்கறவங்களுக்கு எவ்வளவு உபயோகமா இருக்கும், அதை விட்டுட்டு எல்லாத்துக்கும் அசத்தல், அட்டகாசம்னே போடறீங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை போடறப்போ இது வெறும் கம்ப்யூட்டர் படமா, செஞ்சு பாத்ததா, கடையில விக்கறதான்னு படத்துக்கு கீழயே போட்டுடுங்க. விக்கறதுன்னா ஸ்பேர் எங்க கிடைக்கும்னும் போடுங்க. அஞ்சு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு பக்கம் வந்துச்சு, அதுல இருந்த சாமான் எல்லாம் இப்ப என்னாச்சுன்னு ஒரு நிருபரை அனுப்பி ஒரு கட்டுரை எழுதினீங்கன்னா முதல் ஆளா நான் படிப்பேன்.

அந்த மடியுற கிச்சன் படத்தை மாமியார் கிட்ட காட்டினேன், கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, "கிரைண்டரை எங்கடி வைப்பாங்க?"ன்னு கேட்டாங்க. வரைஞ்சவங்க நம்பர் உங்ககிட்ட இருந்தா கேட்டு சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை