செயலாளர் ஆண்டறிக்கை: நம் பிள்ளைகளின் சோதனைப் பதிவு

தலைவர் அவர்களுக்கும், தாராவி, சயான், செம்பூரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கை முழுக்க ஒரே வேலையைப் பற்றியது. கற்றல் குறைபாடு, அதாவது வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ சிரமம், உள்ள நம் பிள்ளைகளின் சோதனை முடிவுகளை ஆராய்ச்சிக்குப் பயன்படும்படி சேர்த்து வைக்கும் தரவுத்தளம் அது. மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே தொடங்கினோம்.

ஆரம்பத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். ரிப்போர்ட்டில் இருந்த ஐ.க்யூ. எண்ணை, அதாவது அறிவுத்திறன் மதிப்பெண்ணை மட்டும் எடுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கட்டத்தில் ஏற்றினோம். ஆனால் அறிவுத்திறன் சோதனைகள் பலவிதம். ஒரு பிள்ளைக்கு மாலின் சோதனை, இன்னொரு பிள்ளைக்கு வெக்ஸ்லர் சோதனை. மாலின் சோதனை 1969-இல் வந்தது. சோதனை மதிப்பெண் தலைமுறைக்குத் தலைமுறை கூடிவந்திருப்பதால், அந்தக் காலத்துச் சராசரியை வைத்துப் பார்த்தால் இன்றைய பிள்ளையின் எண் கூடித் தெரியும். முழத்தையும் மீட்டரையும் கூட்டின கணக்குதான் அது. அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பதிந்தோம். இப்போது சோதனையின் பெயர், பதிப்பு, நடத்திய மொழி, உட்பிரிவு மதிப்பெண்கள் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன.

மொழிக் கட்டம் ஏன் முக்கியம் என்பதை ஒரு பையன்தான் எங்களுக்குப் புரிய வைத்தான். தமிழ்ச் சொற்களை வாசிக்கும்போது 'பழம்' என்பதை 'பளம்' என்றான். தாளில் பிழை என்று குறித்தாகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஆச்சி, "எங்க வீட்ல எல்லாருமே பளம்னுதான்யா சொல்லுவோம்" என்றார். திருநெல்வேலிப் பேச்சு. அதே சொல்லைக் காட்டி, நான்கு படங்களில் எது என்று கேட்டோம். தயங்காமல் பழத்தைத் தொட்டான். அவன் எழுத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் இன்னொன்று என்று வளரும் பிள்ளையை இதையெல்லாம் எழுதாமல் அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், வாசிப்புக் குறைபாட்டைக் கண்டறிய உருவாக்கிய 'டாலி' சோதனைகூட முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழ்ப் பிள்ளைகளின் பதிவை நாம்தான் கவனமாகச் சேர்க்க வேண்டும்.

பெயர்கள் கணினியில் இல்லை, குறியெண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற நோட்டு தலைவர் வீட்டு பீரோவில் பூட்டி இருக்கிறது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்படி 7 வயதிலிருந்து பிள்ளையிடமும் கேட்க வேண்டும். ஒரு அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். மகளோ, "என் மார்க்க யாருக்கும் காட்ட வேணாம் அங்கிள்" என்றாள். சரி என்று படிவத்தைக் கிழித்தோம்.

பலரும் கேட்பதால் சொல்கிறேன்: இந்தப் பதிவு சான்றிதழ் ஆகாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. ஆனால் சான்றிதழை அரசு அங்கீகரித்த மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். ஒப்பிட்டுப் பார்க்க, படிப்பில் சிரமமே இல்லாத தமிழ்ப் பிள்ளைகளும் வேண்டும். அண்ணன் தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராக இருந்தாலும் சரி, அவர்கள் பெற்றோரிடம் பேசி அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்