நீ அனுப்பிய நார் மூட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நார் மூட்டையும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. மகளுக்கு நல்ல இடம் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தை மாதத் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பாகவே பொள்ளாச்சிக்கு வந்துவிடுகிறோம்.

இனி நீ கேட்ட விஷயம். உன் நார் மில்லை அடமானம் வைத்து, தென்னை நார் கலந்த மக்கும் பிளாஸ்டிக்கில் தட்டும் கோப்பையும் செய்யும் இயந்திரம் வாங்கலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம்.

அந்த இயந்திரத்தை விற்கும் வியாபாரி உனக்குக் காட்டியது பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். மக்காச்சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுத்து, அதைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. தயிரில் புளிப்பாக இருக்கும் அதே அமிலம்தான். நல்ல பொருள். ஆனால் 60 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும். சூடான டீயைத் தாங்காது. மக்கும் என்று சான்று தருவதற்கான சோதனையையும் 58 டிகிரிச் சூட்டில்தான் செய்கிறார்கள். 180 நாட்களுக்குள் அதிலுள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். அந்தச் சூடு பெரிய உரக்கூடங்களில் கிடைக்கும், வாய்க்கால் ஓரத்தில் கிடைக்காது. போன ஆடியில் எங்கள் கொல்லையில் வாழையடியில் ஒரு கோப்பையைப் புதைத்து வைத்தேன். இந்த ஆடியில் தோண்டிக் கழுவினால் விளிம்பு பளபளக்கிறது. பக்கத்தில் அச்சிட்ட பச்சை இலைப் படம்கூட அழியவில்லை. அந்த இலையை நம்பி வாங்குகிறவரிடம் இதை விற்க உனக்கு மனம் வராது.

நார் சேர்த்தால் சரியாகிவிடாதா என்று கேட்பாய். நார் சேர்ப்பது விறைப்புக்காக. மண்சுவருக்குச் சேற்றோடு வைக்கோலை மிதிப்பார்களே, அதே வேலை. ஆனால் நாருக்குத் தண்ணீர் பிடிக்கும், பி.எல்.ஏ.வுக்குப் பிடிக்காது. உன் நாரை அப்படியே கலந்து வார்த்த பட்டையை உடைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். நார்கள் அறுபடவே இல்லை, உருவிக்கொண்டு வந்திருந்தன. அவை இருந்த இடங்களில் வழவழப்பான துளைகள். நாரைக் காஸ்டிக் சோடா என்ற கடுங்காரத்தில் ஊறவைத்து அலசிக் கலந்தபோது, மேலிருந்த மெழுகு போய்ச் சொரசொரப்பாகி, பிளாஸ்டிக் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. இந்த முறை நாரே அறுந்தது. எனக்கு அன்று பெரிய சந்தோஷம். ஆனால் அந்தக் காரத் தண்ணீரை நீ எங்கே விடுவாய்? மில்லுக்குப் பக்கத்திலேயே உன் கிணறு இருக்கிறதே!

அதனால்தான் சேலத்து மரவள்ளி மாவுக்குத் திரும்பியிருக்கிறேன். மாவுடன் கிளிசரினும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துச் சூட்டில் பிசைந்தால் பிளாஸ்டிக் போலவே இளகி அச்சுக்கு வருகிறது. அதுவும் தண்ணீரை விரும்பும் இனம், எனவே நாரோடு காரமில்லாமலே ஒட்டிக்கொள்கிறது. ஈரம் பட்டால் ஊறிப்போகும் என்பதுதான் குறை. தட்டுக்கு அது ஆகாது. நாற்றுத் தொட்டிக்கு அதுதான் வேண்டும். நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் கறுப்பு பாலிதீன் பைகளைக் கிழித்து வரப்பிலேயே போட்டுவிடுகிறார்கள் என்று நீயே எத்தனை முறை வருத்தப்பட்டிருக்கிறாய்! இதைத் தொட்டியோடு குழியில் இறக்கிவிடலாம்.

போன மாதம் 12 தொட்டிகள் வார்த்துத் தக்காளி நாற்று வைத்தேன். 18ஆம் நாள் 4 தொட்டிகளின் அடி விட்டுப்போனது. மற்றவை நிற்கின்றன. இரண்டில் வேர் சுவரைத் துளைத்துக்கொண்டு வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. நாரின் அளவைக் கூட்டினால் ஒரு மாதம் தாங்கும் என்று நினைக்கிறேன்.

இன்னும் 5 கிலோ நார் அனுப்பு. நார்த்தூள் இல்லாமல் நன்றாகச் சலித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து அனுப்பு. ஈரம் இருந்தால் அச்சுக்குள் குமிழி விடுகிறது. திருமணத்துக்கு வரும்போது புதுத் தொட்டிகளை எடுத்து வருகிறேன். உன் தோப்பு மண்ணிலேயே வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்